இறுதியாண்டு ஆய்வுக்குக் காசு: துறை ஒதுக்கீடா, மேற்பார்வையாளரின் மானியமா, சொந்த விண்ணப்பமா?

பேராதனையிலும் பதுளை ஊவா வெல்லஸ்ஸவிலும் பெலிஹுல்ஓயா சப்ரகமுவவிலும் விவசாயமோ விஞ்ஞானமோ படிக்கிற பிள்ளைகள் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது முதலில் விசாரிப்பது, "எந்த சேர் நல்லா உதவுவார்?" என்பதைத்தான். அடுத்துக் கேட்க வேண்டியதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த ஆய்வுக்கு யார் காசு தருவார்கள், எந்த மாதத்தில் தருவார்கள்?

வழிகள் மூன்று. துறை தன் வருடாந்த ஒதுக்கீட்டிலிருந்து மாணவருக்குப் பிரித்துக் கொடுக்கும் சிறு தொகை ஒன்று. மேற்பார்வையாளர் ஏற்கனவே பெற்றிருக்கும் ஆய்வு மானியத்துக்குள் உங்கள் வேலையையும் ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொள்வது இன்னொன்று. வெளியிலுள்ள நிதியத்துக்கு மாணவரே விண்ணப்பிப்பது மூன்றாவது. மூன்றையும் நிறுத்துப் பார்த்து நாங்கள் தெரிந்தெடுத்தது இரண்டாவதை. அதில் தொகை கூட என்பது உண்மைதான், ஆனால் காரணம் அதுவல்ல. காசு கைக்கு வரும் தேதிதான் காரணம்.

மஹாபொல, பேசரி ஆகிய அரச உதவித்தொகைகளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், பேசரி 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூடியது. அது சாப்பாட்டுக்கும் போடிங்குக்கும் பஸ்ஸுக்கும் போகிற காசு. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தின் வழியாகத் தோட்டத் தொழிலாளர் குடும்பப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் புலமைப்பரிசிலும் படிப்புச் செலவுக்கானதே. இவற்றை எடுத்து இரசாயனப் போத்தல் வாங்கினால் அந்த மாதம் வீட்டில்தான் கை நீட்ட வேண்டிவரும். இணையத்தில் தேடுகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது அமெரிக்காவின் ஆர்.இ.யு. திட்டம். 1987 இலிருந்து நடக்கிறது. ஆய்வு செய்கிற இளமாணி மாணவருக்கே படி கொடுக்கிறது. ஆனால் அதன் அரச நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கும் மட்டும். அதற்குப் படிவம் நிரப்பி நாளைக் கழிக்க வேண்டாம்.

தேதிக்கு வருவோம். தேயிலை ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலை யாருடைய வவுச்சருக்காகவும் காத்திருக்காது. ஊவாப் பக்கம் கச்சான் காற்று வீசுகிற ஜூலை முதல் செப்டெம்பர் வரையில்தான் அந்தப் பேர்போன மணம் கொழுந்தில் ஏறும். மேற்குச் சரிவில், திம்புள்ளைப் பக்கம், அதே தரக் காலம் ஜனவரி முதல் மார்ச். 1946 இல் இந்த நாட்டுக்குள் வந்த கொப்புள நோயை (தோட்டத்தில் பிளிஸ்டர் என்றுதான் சொல்வார்கள்) ஆராய்வதென்றால், மேல்மலையில் மழையும் பனிமூட்டமும் விடாமல் நிற்கும் தென்மேல் பருவம் வேண்டும். காசு ஒக்டோபரில் வந்தால் மலையில் கொழுந்து இருக்கும், நீங்கள் அளக்க நினைத்தது இருக்காது. அடுத்த பருவம் வரும்போது உங்கள் பட்டமளிப்பு முடிந்திருக்கும்.

துறை ஒதுக்கீடு சறுக்குவது இந்த இடத்தில்தான். தொகை சின்னது என்பதை எல்லோரும் அறிவார்கள், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பெரும்பாலும் அது மீளளிப்பாகத்தான் கிடைக்கும். நீங்கள் முதலில் வாங்கி, பற்றுச்சீட்டைக் கொடுத்து, துறைத் தலைவர், பீடாதிபதி, நிதியாளர் பிரிவு என்று கோப்பு நடந்து முடிந்தபிறகு காசு வரும். அரச நிதியாண்டு டிசெம்பர் 31 உடன் முடிகிறது. கணக்குப் பிரிவு அதற்கு முன்பே புதுக் கொடுப்பனவுகளை எடுப்பதை நிறுத்திவிடும். நவம்பர் கடைசியில் கொடுத்த பற்றுச்சீட்டு அடுத்த வருட ஒதுக்கீடு வரும்வரை மேசையிலேயே கிடக்கலாம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். தோட்டத்து நாட்சம்பளத்தில் ஓடுகிற வீட்டுப் பிள்ளைக்கு, திருப்பிக் கிடைக்கும் என்று நம்பி 30,000 ரூபாயை முதலில் போடுவதென்பது, 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளக் கணக்கில் அம்மாவின் 22 நாள் பெரட்டுக்கு (நாள் வேலைக்கு) மேல்.

கோப்பு திரும்பி வருவதற்குக் காரணங்களும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றேதான். பற்றுச்சீட்டு மாணவரின் பெயரில் இருக்கும். அது பல்கலைக்கழகத்தின் பெயரில், துறையையும் குறிப்பிட்டு இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த தேதிக்கு முந்திய தேதியில் வாங்கியிருப்பார்கள். மூன்று கொட்டேஷன் எடுத்த இடத்தில் ஒன்று வற் (பெறுமதி சேர் வரி) சேர்த்தும் மற்ற இரண்டு சேர்க்காமலும் இருக்கும். 2024 ஜனவரியிலிருந்து வற் 18 சதவீதம் என்பதால் எது மலிவு என்ற தீர்ப்பே மாறிவிடும். வெப்பத்தாளில் அடித்த பற்றுச்சீட்டு மலைநாட்டு ஈரத்தில், பைக்குள் மடிந்தபடி சில கிழமைகளில் வெளிறிப்போகும். வாங்கிய அன்றே போட்டோப் பிரதி எடுத்து மூலப்பிரதியோடு பின் பண்ணுங்கள். ஓட்டோக்காரர் பில் தரமாட்டார். வெள்ளைத் தாளில் போன இடம், தூரம், தொகை, வாகன இலக்கம், அவருடைய அடையாள அட்டை இலக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கி, மேற்பார்வையாளரின் ஒப்பமும் வைத்தால் பல இடங்களில் ஏற்பார்கள். ஏற்பார்களா என்பதைப் போவதற்கு முன்பே கணக்குப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேற்பார்வையாளரின் மானியம் இந்தச் சிக்கல்களில் பெரும்பாதியை உங்கள் தலையிலிருந்து இறக்கிவிடுகிறது. தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை, பல்கலைக்கழகத்தின் சொந்த ஆய்வு மானியம் என்று எதுவானாலும் பணம் ஆசிரியரின் பெயரில் முன்கூட்டியே அனுமதிக்கப்பட்டிருக்கும். சில்லறைச் செலவுக்கு அவர் முற்பணம் எடுக்கலாம். அதைவிடப் பெரிய இலாபம், ஆய்வுகூட அலுமாரியில் ஏற்கனவே திறந்திருக்கும் போத்தல்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மூன்று மலை, மலைக்கு நான்கு மாதிரி, ஆறு கொழுந்துச் சுற்று என்றால் 72 மாதிரி. மொத்தப் பொலிபீனோலை (கொழுந்தின் துவர்ப்புச் சேர்மங்களை) போலின்-சியோகால்டியு என்ற நிறமாற்ற முறையில், ஒவ்வொன்றையும் மும்முறை அளந்தால் 216 குழாய். குழாய்க்கு 1 மி.லீ. சாறு, பத்து மடங்கு ஐதாக்கிய போலின் கரைசல் 5 மி.லீ., 7.5 சதவீத சோடியம் காபனேற்று 4 மி.லீ. ஒரு மணித்தியாலம் வைத்து 765 நனோமீற்றரில் வாசிக்க வேண்டும். போலின் மட்டும் 1,080 மி.லீ., அதாவது மூலக்கரைசல் 108 மி.லீ. ஒவ்வொரு நாளும் ஒப்பிட்டுப் பார்க்க, தெரிந்த அளவுகளில் கலிக் அமில நியம வளைகோடும் சாறு இல்லாத வெற்றுக் குழாயும் ஓட்ட வேண்டும், பிழைத்துப்போனதைத் திரும்பச் செய்ய வேண்டும். எல்லாம் சேர்த்து 150 மி.லீ. தேவை. 100 மி.லீ. போத்தல் போதாது. 500 மி.லீ. வாங்கினால் உங்கள் ஒதுக்கீடு அதிலேயே கரைந்துவிடும், முக்கால்வாசி மிஞ்சியும் கிடக்கும். மானியம் உள்ள ஆய்வுகூடத்தில் அந்த 500 மி.லீ. போத்தலை மூன்று பேர் பகிர்வார்கள். (எடுக்குமுன் நிறத்தைப் பாருங்கள். மஞ்சளாக இருக்க வேண்டும், பச்சை ஏறியிருந்தால் தொடவேண்டாம்.) கொழும்பு முகவரிடம் கையிருப்பு இல்லாமல் ஓடர் பண்ணி வரவேண்டிய பொருளென்றால் காத்திருப்பு மாதக் கணக்கில் போகும். அசெற்றோன், சில அமிலங்கள் போன்ற கட்டுப்பாட்டுப் பொருட்களை மாணவர் பெயரில் கேட்டால் கடையில் தரவும் மாட்டார்கள்.

பயணச் செலவிலும் இதே கதை. பறித்த கொழுந்து பைக்குள் சூடேறி, கசங்கி, ஒட்சியேறத் தொடங்கிவிடும். பசறையிலிருந்து பதுளை, அங்கிருந்து கண்டி பஸ் என்று அரைநாள் கழித்துப் பேராதனையில் அளப்பது மலையிலிருந்த கொழுந்தை அல்ல. ஒன்றில் ஐஸ்பெட்டியோடு வாகனம் பிடிக்க வேண்டும், அல்லது தோட்டத்திலேயே ஆவியில் வாட்டி நொதியத்தை நிறுத்தி உலர்த்திக் கொண்டுவர வேண்டும். முதலாவதற்குப் பயணத் தலைப்பில் (செலவுப் பிரிவில்) காசு வேண்டும். துறை ஒதுக்கீட்டில் அந்தத் தலைப்பு இருப்பது அபூர்வம்.

ஆகவே ஆய்வுத் தலைப்பை உறுதிசெய்ய நான்கு மாதம் முன்பே மேற்பார்வையாளரிடம் போங்கள். கையில் ஒரே ஒரு பக்கம் இருக்கட்டும். என்ன அளக்கப்போகிறீர்கள், எந்த மாதங்களில், என்ன பொருள் எத்தனை மி.லீ., எத்தனை பயணம் என்று அதில் எழுதுங்கள். பிறகு கேளுங்கள்: "மடம், இந்த மானியம் எந்த மாதத்தோடு முடியுது? நுகர்பொருள் தலைப்பில மிச்சம் இருக்கா, பயணத்தில இருக்கா?" இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்பது முக்கியம். உபகரணத்துக்கு ஒதுக்கிய காசைக் கொழுந்து கொண்டுவரும் வாகனத்துக்கு மாற்ற, நிதி தந்தவரின் எழுத்து அனுமதி தேவைப்படும். அடுத்த தவணை விடுவிக்கப்பட முன்னேற்ற அறிக்கை போயிருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். இன்னொரு மாணவரின் பகுதி பிந்தினால் உங்கள் காசும் அதோடு நிற்கும்.

குறை இல்லாமல் இல்லை. தலைப்பு முழுக்க உங்களுடையதாக இருக்காது. மானியத்தின் நோக்கத்துக்குள் ஒரு மூலையைத்தான் எடுப்பீர்கள். மேற்பார்வையாளர் நீண்ட விடுமுறையில் வெளிநாடு போனால் கையெழுத்துக்கு ஆள் இருக்காது. தரவு யாருடையது, கட்டுரை வந்தால் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதைத் தொடக்கத்திலேயே மின்னஞ்சலில் எழுதி உறுதி செய்துகொள்ள வேண்டும். வாய்ப்பேச்சு இரண்டு வருடம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இதே வழியின் ஒரு கிளை, 1925 இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தோடு இணைந்து செய்வது. தலவாக்கலை சென்கூம்ஸில் தலைமையகம், ஹந்தானையிலும் பசறையிலும் கிளை நிலையங்கள். பல்கலைக்கழக மேற்பார்வையாளரோடு அங்குள்ள ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து வழிநடத்துவார். பரிசோதனை நிலமும் கருவியும் பழைய பதிவுகளும் அங்கேயே இருக்கும். தங்குமிடமும் சாப்பாடும்தான் உங்கள் பாடு. தலவாக்கலை, லிந்துலை, கொட்டகலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதுவும் மிச்சம், வீட்டிலிருந்தே போய்வரலாம். மலையகப் பிள்ளைகளுக்கு இயல்பாகவே அமைந்த இந்த வசதியை இன்னும் அதிகம் பேர் பயன்படுத்த வேண்டும் என்பது எங்கள் ஆசை.

மூன்றாவது வழியில் எங்கள் அனுபவம் குறைவு, ஆகையால் சுருக்கமாக. வன உயிரின ஆய்வுகளுக்கு ஐடியா வைல்ட் போன்ற அமைப்புகள் காசாக அல்ல, கருவியாகத் தருகின்றன: கமரா, ஜி.பி.எஸ்., தொலைநோக்கி. வரும்போது சுங்கத்தில் என்ன கட்ட வேண்டும் என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள். ஹோர்ட்டன் சமவெளி 1988 இலிருந்து தேசிய பூங்கா. வனஜீவராசிகள் திணைக்களத்தின் ஆய்வு அனுமதி இல்லாமல் அங்கே ஓர் இலைகூடச் சேகரிக்க முடியாது. காசு கிடைத்தும் அனுமதி வராமல் நிற்பதைத் தவிர்க்க, அனுமதிக்குத்தான் முதலில் எழுத வேண்டும். தோட்டக் கம்பெனிகளிடம் காசு எதிர்பார்க்க வேண்டாம். நிலமும் ஆளுதவியும் கேட்டால் பல துரைமார் தருவார்கள், துறைத் தலைவரின் கடிதம் கையில் இருந்தால்.

முதல் வழியே போதுமான ஆய்வுகளும் உண்டு. லயங்களில் வினாக்கொத்து நிரப்புவது, தோட்டப் பதிவேட்டிலிருந்து விளைச்சல் கணக்கெடுப்பது போன்றவற்றுக்குப் போட்டோப் பிரதியும் பஸ் காசும்தான் செலவு. கலைப்பீடப் பிள்ளைகளுக்கு மேற்பார்வையாளரின் மானியம் கிடைப்பதும் அரிது. அவர்கள் துறை ஒதுக்கீட்டோடு போகலாம். அனுமதிக் கடிதத்தை முதலில் வாங்கி, வினாக்கொத்தைப் பிறகு அச்சடித்தால் சரி.

மற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மானியம் டிசெம்பரில் முடிகிறது, உங்கள் மாதிரியெடுப்பு ஜனவரியில் என்றால், நுகர்பொருள் அத்தனையையும் ஒக்டோபருக்குள் வாங்கி ஸ்டோர்ஸ் பதிவேட்டில் உங்கள் ஆய்வின் பெயரில் ஏற்றச் சொல்லுங்கள். போத்தலில் திறந்த தேதியை ஒட்டி, அலுமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.