மதுரைக் கல்யாணத்தில் குடிக்க என்ன கொடுத்தோம்

தமிழ்நாட்டில் கல்யாண மண்டபத்துக்குள் மது பரிமாற அனுமதி கிடையாது. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் கல்யாணம் நடத்துகிறவர்கள் முதலில் மனதில் பதித்துக்கொள்ள வேண்டியது இதுதான். சிறப்பு உரிமம் பெற்றால் மண்டபங்களிலும் பரிமாறலாம் என்று 2023இல் அரசு விதியைத் திருத்தியது உண்மை. ஆனால் அந்த ஏப்ரல் மாதத்தில் கடும் எதிர்ப்பு எழுந்ததும் கல்யாண மண்டபங்களை அதிலிருந்து நீக்கிவிட்டது. டொரோண்டோவில் என் நண்பர்கள் பலர் முதல் செய்தியோடு நின்றுவிட்டார்கள். அதை நம்பி உறவினர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு ஊர் போய்ச் சேருகிறவர்களுக்குத்தான் சங்கடம்.

என் அக்கா மகளுக்கு வைகாசியில் மதுரையில் கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் பானங்கள் முழுவதும் என் பொறுப்பு. மாப்பிள்ளை லண்டனில் வளர்ந்தவர், அவருடைய நண்பர்கள் ஒரு கூட்டமாக வந்திருந்தார்கள். மண்டபத்தில் மது வாசனையே வரக்கூடாது என்பது அத்தானின் கட்டளை. நான் அத்தான் பக்கம்தான். பெரியவர்களும் குழந்தைகளும் நிறைந்த சபையில், வண்டி நிறுத்தும் இடத்தில் ஒளித்துவைத்துக் குடிக்கும் வழக்கம் எனக்குச் சிறுவயதிலிருந்தே பிடிக்காது. அதே சமயம், கடல் கடந்து வந்தவர்கள் தங்கள் நண்பனுக்காக ஒரு கோப்பை உயர்த்த விரும்புவதில் தவறு எதுவும் இல்லை. ஆகவே முகூர்த்தமும் வரவேற்பும் மண்டபத்தில், நண்பர்களின் விருந்து மட்டும் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முந்தைய இரவு நட்சத்திர ஹோட்டலில் என்று பிரித்துக்கொண்டோம். சம்பந்தி அம்மாவுக்குத்தான் இந்த ஏற்பாட்டில் பெரிய நிம்மதி.

இதற்கிடையில் ஒரு விழா ஏற்பாட்டு நிறுவனத்தார் வந்தார்கள். மண்டபத்தின் பின்பக்க அறையிலேயே எல்லாம் செய்து தருகிறோம், கேட்க வேண்டியவர்களை நாங்கள் கவனித்துக்கொள்கிறோம் என்றார்கள். ரசீது தருவீர்களா என்று கேட்டேன். பேச்சு அத்தோடு நின்றது. ஏதாவது நடந்தால் மாட்டுவது மண்டபத்துக்காரரும் பெண் வீட்டாரும்தான், அந்த நிறுவனம் அல்ல. இப்படிப்பட்டவர்களை நம்பவே நம்பாதீர்கள். புதுச்சேரியிலிருந்து மலிவாகக் கொண்டுவருகிறேன் என்று சொல்லும் உறவினரையும் அன்போடு தடுத்துவிடுங்கள், எல்லை தாண்டிக் கொண்டுவருவது குற்றம். விமான நிலையத்தில் வரியில்லாக் கடையில் வாங்குவதற்கும் ஆளுக்கு 2 லிட்டர்தான் வரம்பு.

ஹோட்டலில் எங்களுக்குக் கிடைத்த சேவை அருமையானது. விருந்துப் பிரிவின் மேலாளர் ஓர் இளம்பெண். மதுக்கூட உரிமம் விருந்துக் கூடத்துக்கும் பொருந்துமா, எத்தனை மணிவரை பரிமாறலாம், வெளியிலிருந்து புட்டி கொண்டுவரலாமா என்று நான் கேட்ட எல்லாவற்றுக்கும் எழுத்திலேயே பதில் அனுப்பினார். இதை நீங்களும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லாக "பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று சொல்லும் இடத்தை விட்டுவிடுங்கள். மது ஜிஎஸ்டியின் கீழ் வராது, மாநில வரிதான். ஆகவே உணவுக்கும் மதுவுக்கும் கணக்குத் தனித்தனியாக வரும். முன்பணம் கட்டும்போதே இரண்டையும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அளவு போடுவது கடினமில்லை. 750 மில்லி புட்டியில் 60 மில்லி வீதம் ஊற்றினால் 12 கோப்பை வரும். முதல் மணி நேரத்தில் ஆளுக்கு இரண்டு, பிறகு மணிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். திறக்காத புட்டிகளுக்குப் பணம் வேண்டாம் என்று ஒப்பந்தத்தில் எழுதச் செய்தது மிச்சம் பிடித்துக் கொடுத்தது. எல்லாரும் திரும்பிப் போக ஒரு வேன் அமர்த்தியிருந்தோம், அந்தச் செலவில் யாரும் கை வைக்கக் கூடாது. தேதி குறிக்கும்போது விடுமுறை நாட்களையும் பாருங்கள். திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள், மே 1, காந்தி ஜெயந்தி போன்ற நாட்களில் டாஸ்மாக் கடைகளோடு ஹோட்டல் மதுக்கூடங்களும் மூடியிருக்கும். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் அப்படித்தான்.

இனி மண்டபத்துக்கு வருகிறேன். என் முழு ஆசையும் அங்கேதான் இருந்தது. மது இல்லாத கல்யாணம் என்றால் வண்ணப்பொடி கலந்த ஒரு வரவேற்பு பானத்தை நீட்டிவிட்டு ஒதுங்குவது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. இத்தனை பானங்கள் உள்ள ஊரில் அது அநியாயம்.

காலை முகூர்த்தத்துக்குப் பதநீர். மதுரையைச் சுற்றியுள்ள கிராமத்திலிருந்து ஒரு பனையேறி குடும்பம் விடியற்காலையில் கொண்டுவந்தது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர், தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். கள்ளுக்கு 1987 முதல் இங்கே தடை. சுண்ணாம்பு தெளிந்து வடிகட்டிய பதநீரில் நுங்கைச் சீவிப் போட்டுக் கொடுத்தார்கள். வெயில் ஏறுவதற்குள் தீர்த்துவிட வேண்டும் என்று அந்தக் குடும்பத்துப் பெரியவர் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். லண்டன் பிள்ளைகள் பனையோலைப் பட்டையில் குடிக்கப் பழகிக்கொண்டு மறுபடி மறுபடி வந்தார்கள். பனை நம் மாநில மரம். அதை நம்பி வாழ்பவர்களுக்குக் கல்யாணக் காசில் ஒரு பங்கு போவது எனக்கு மனநிறைவு.

மாலை வரவேற்பில் ஜிகர்தண்டா. சமையல்காரரே செய்கிறேன் என்றார், நான் ஒப்புக்கொள்ளவில்லை. பாதாம் பிசினை முந்தைய இரவே ஊறவைத்து, பாலை நிதானமாகச் சுண்டவைத்து, நன்னாரி சர்பத் சேர்த்து அடுக்கத் தெரிந்தவர் ஜிகர்தண்டாக் கடைக்காரர்தான். அவரையே வண்டியோடு வரவழைத்தோம். பக்கத்தில் பன்னீர் சோடாவும் பவண்டோவும். பவண்டோவின் காளிமார்க் நிறுவனம் 1916இல் விருதுநகரில் தொடங்கியது என்பதால் எங்கள் அத்தைமார்களுக்கு அதன் மேல் சொந்த ஊர்ப் பாசம். சர்க்கரை நோயாளிகள் நிறைந்த குடும்பம் என்பதால் உப்பும் இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்ட நீர்மோரைத் தனி மேசையில், நாற்காலிகளுக்கு அருகில் வைத்தோம். இது சிறிய விஷயம் போலத் தெரியும், ஆனால் அதிகம் தீர்ந்தது நீர்மோர்தான்.

ஐஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். மீனுக்குப் போகும் பாளம் பாளமான ஐஸ் பானத்துக்கு ஆகாது, சுத்திகரித்த நீரில் செய்த ஐஸ் என்று கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் டம்ளரும் உறிஞ்சுகுழலும் 2019 ஜனவரி முதல் தடை. கண்ணாடி டம்ளரை வாடகைக்கு எடுத்தோம், கழுவ ஆள் தனியாகப் போட்டோம். இந்த ஒன்றில் மட்டும் டம்ளர் கொடுத்தவர்கள் ஏமாற்றினார்கள், எண்ணிக்கை குறைந்து வந்தது. ஆகவே இறக்கும்போதே எண்ணிவிடுங்கள்.

காபியைப் பற்றி ஒரு வார்த்தை. டிகாக்‌ஷனை மொத்தமாக ஒரே தடவை இறக்கிவைத்துச் சூடுபடுத்தாமல், மணிக்கொரு முறை புதிதாக இறக்க வேண்டும் என்று சமையல்காரரிடம் கேட்டுக்கொண்டோம். கூடுதல் ஆள் கூலி கேட்டார், மறுபேச்சில்லாமல் கொடுத்தோம். கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஊருக்குப் போய் முதலில் பேசுவது காபியைப் பற்றித்தான்.

ஆவணியிலோ தையிலோ கல்யாணம் வைப்பவர்களுக்குப் பதநீர் கைகொடுக்காது, அது கோடைக்கு உரியது. அப்போது இளநீரை நம்புங்கள். இளநீர் வெட்டுகிறவரிடம் முன்பணம் கொடுத்து, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதைப் பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள். முகூர்த்த நாட்களில் அவரை நாடுவோர் அதிகம்.