பாலி பேக்கேஜ்: முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் பாலி போகலாம் என்று குறைந்த விலை பேக்கேஜ் விசாரித்துக்கொண்டிருக்கிறீர்களா? முன்பணம் கட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படியுங்கள். நாங்கள் ஜனவரியில் குடும்பத்தோடு போய் வந்தோம். ஊர்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அதை எங்களுக்கு விற்ற விதத்தில்தான் அத்தனை மோசடி.

மகளுக்குக் கடல் வேண்டும், அம்மாவுக்குக் கோயில் வேண்டும், எனக்கும் மனைவிக்கும் மலையும் வயலும் பச்சையாக இருந்தால் போதும். மூன்றும் ஒரே தீவில் கிடைக்கும் என்பதால்தான் பாலியைத் தேர்ந்தெடுத்தோம். ஏஜென்டிடம் முதல் நாளே கேட்டேன்: "ஜனவரி அங்கே மழைக்காலம் ஆச்சே?" அவர் சொன்ன பதில் வாட்ஸ்அப்பில் இன்னும் இருக்கிறது: "மழை ராத்திரிலதான் சார் பெய்யும், பகல்ல பளிச்சுனு இருக்கும். பீச் பக்கத்துலயே ஹோட்டல்."

ஹோட்டல் குட்டா என்ற கடற்கரைப் பகுதியில். வவுச்சரில் போட்டிருந்த பெயர் வேறு, போய் இறங்கிய ஹோட்டல் வேறு. பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் 'அல்லது அதற்கு இணையானது' என்று ஒரு வரி உண்டு, அதைக் காட்டித் தப்பித்துவிட்டார்கள். சரி, அறையில் என்ன இருக்கிறது, கடல் இருக்கிறதே என்று காலையில் கடற்கரைக்குப் போனோம்.

மணல் தெரியவில்லை. மூங்கில் துண்டு, தேங்காய் மட்டை, ஒற்றைச் செருப்பு, நூடுல்ஸ் பாக்கெட், பிளாஸ்டிக் தம்ளர் எல்லாம் அலையோரம் நீளத்துக்கு வரப்புபோலக் குவிந்து கிடந்தன. நகராட்சி ஆட்கள் லோடர் வைத்து அள்ளிக்கொண்டிருந்தார்கள். அள்ளிய இடத்திலேயே அடுத்த அலை மறுபடி கொண்டுவந்து போட்டது. மகள் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கியவள், காலில் ஏதோ சுற்றிக்கொண்டது என்று கத்திக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். பிளாஸ்டிக் உறை.

இது தற்செயல் இல்லை. மழைக்காலத்தில் அங்கே மேற்குக் காற்று அடிக்கும். ஆறுகள் அடித்துக்கொண்டு வரும் குப்பையையெல்லாம் கடல் மேற்குக் கரையில்தான் ஒதுக்கும். குட்டா, லெகியான், செமின்யாக், ஜிம்பரான் எல்லாம் மேற்குப் பார்த்த கரைகள். 2017 கடைசியில் அந்தப் பக்கத்துக் கரைகளுக்குக் குப்பை அவசரநிலையே அறிவித்தார்கள். வருடா வருடம் நடப்பதால் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதே பருவத்தில் கிழக்குப் பார்த்த சனூரிலும் நூசா துவாவிலும் நிலைமை அவ்வளவு மோசம் இல்லை. வெளியே பவளப்பாறை இருப்பதால் அலையும் அடங்கியிருக்கும். கடைசி நாள் சொந்தக் காசில் கார் பிடித்து சனூர் போனபோதுதான் மகள் ஆசை தீரக் குளித்தாள். குட்டாவிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம். மூத்தவர்களும் குழந்தைகளும் உள்ள குடும்பத்தை ஜனவரியில் எந்தக் கரையில் தங்கவைக்க வேண்டும் என்பது அந்த ஏஜென்டுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. குட்டா அறை மலிவு, அவ்வளவுதான்.

அப்புறம் ஊர் சுற்றிய கதை. உபுட் என்ற ஊருக்குப் போகும் வழியில் பாத்திக் துணிக்கடை, வெள்ளி நகைக்கடை, மரச்சிற்பக் கடை, கடைசியாக லுவாக் காபித் தோட்டம் (மரநாய் தின்று கழித்த கொட்டையில் போடும் காபி). ஒவ்வொன்றும் 'பத்து நிமிஷம்'. துணிக்கடை வாசலிலேயே எங்கள் சட்டையில் நம்பர் போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டினார்கள். எதற்கு என்று டிரைவரிடம் கேட்டேன். நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார்: அது அவருடைய நம்பர், நாங்கள் வாங்கினால் கமிஷன் அவர் கணக்கில் ஏறும். எங்கள் ஏஜென்ட் தரும் காசு பெட்ரோலுக்கே சரியாகிவிடும், கடைக்குக் கூட்டிப்போனால்தான் அவருக்குக் கூலி. காபித் தோட்டத்தில் மரநாய் கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. அம்மா அங்கே ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

உள்ளூர்க்காரருக்கு அடக்க விலையைவிடக் குறைத்துக் கொடுத்து, மிச்சத்தைக் கடைகளில் நம்மிடமிருந்து எடுக்கவைக்கும் ஏற்பாடு இது. சீனப் பயணிகளை வைத்து இதே முறை பெரிய அளவில் நடந்து, 2018-இல் பாலி நிர்வாகம் சில கடைகளை மூடவே உத்தரவிட்டது. விலை ரொம்பக் குறைவாக இருந்தால் மீதியை யார் தருகிறார்கள் என்று கேளுங்கள்.

எங்களுக்கு இதில் போனது பணம் மட்டும் இல்லை. உலுவாட்டு கோயிலில் சாயங்காலம் கெச்சாக் ஆட்டம் நடக்கும். மேளம் கிடையாது, எந்த வாத்தியமும் கிடையாது. வட்டமாக உட்கார்ந்த ஆண்கள் 'சக் சக் சக்' என்று குரலாலேயே தாளம் போட, நடுவில் சீதையைத் தூக்கிப்போவதும் அனுமன் தீயில் நிற்பதும் நடக்கும். அம்மா இதற்காகவே வந்தார். கடைகளில் நேரத்தைக் கரைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது சீட்டு தீர்ந்திருந்தது. சுவருக்கு வெளியே நின்று அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டோம். உள்ளே என்ன கட்டம் போகிறது என்று அம்மா மகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

ஏஜென்டின் நோட்டீஸில் பெரிதாக ஒரு படம் போட்டிருந்தார்கள்: லெம்புயாங் கோயில் வாசல், பின்னால் அகுங் எரிமலை, முன்னால் கண்ணாடி போன்ற ஏரி. அங்கே ஏரியே கிடையாது. செல்போன் கேமராவுக்கு அடியில் ஒரு கண்ணாடித் துண்டைப் பிடித்து எடுக்கும் படம் அது. டோக்கன் வாங்கி மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குட்டாவிலிருந்து காரில் போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல். மழை மேகம் இருந்தால் மலையும் தெரியாது. அந்தப் படத்தை நம்பி ஒரு நாளை விடாதீர்கள். அந்த நாளில் ஜாத்திலுவி போகலாம். மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் வயல்கள். தண்ணீரைக் கோயில் வழிபாட்டோடு சேர்த்துப் பங்கிடும் சுபாக் முறைக்காக 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த இடங்களில் ஒன்று. எங்கள் திட்டத்தில் அது இல்லவே இல்லை. அங்கே கமிஷன் கடை இல்லையே.

பணக் கணக்குக்கு வருகிறேன். விசா கட்டணம் 5 லட்சம் ரூப்பியா. 2024 பிப்ரவரி முதல் வசூலிக்கும் சுற்றுலா வரி 1.5 லட்சம் ரூப்பியா. இரண்டும் சேர்த்து நம் காசுக்குச் சுமார் 3,500 ரூபாய். எங்களிடம் தலைக்கு 5,500 வாங்கினார்கள். விசா வந்தது, சுற்றுலா வரி கட்டவே இல்லை. உலுவாட்டில் வரி கட்டியதற்கான க்யூஆர் கேட்டபோதுதான் தெரிந்தது, அங்கேயே போனில் நாங்களே கட்டினோம். டிசிஎஸ் (பேக்கேஜ் விற்பவர் நம்மிடம் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டிய வரி) என்று 5 சதவீதம் பிடித்ததும், நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் இன்றுவரை ஏறவில்லை. வெளிநாட்டு பேக்கேஜ் வாங்கிய எல்லோரும் அந்தப் படிவத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள். ஏறியிருந்தால் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

ஏஜென்டைக் கேட்டதற்கு "எல்லாம் டெர்ம்ஸ்ல இருக்கு சார்" என்பதோடு சரி, பிறகு போனே எடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக்குக் கட்டணம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம், ஏஜென்ட் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல், வவுச்சர், பணம் அனுப்பிய ரசீது மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

ஹோட்டல் பெயரை 'இணையானது' என்ற வரி இல்லாமல் எழுதி வாங்குங்கள். எந்தக் கடைக்கும் கூட்டிப்போகக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பணம் கட்டாதீர்கள். கடல்தான் முக்கியம் என்றால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பாருங்கள். பள்ளி விடுமுறை காரணமாக மழை மாதத்தில்தான் போக முடியும் என்றால் சனூர் பக்கம் அறை கேளுங்கள்.