பழைய ஸ்லாலம் ஸ்கி: எதைப் பழுது பார்க்கலாம், எதை விட்டுவிட வேண்டும்

படகு இழுக்க, தண்ணீரில் ஒற்றைப் பலகையில் நின்று ஓடும் ஸ்லாலம் ஸ்கியைப் பழையதாக வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் அடிப்பக்கத்துக் கீறலைத்தான் படமெடுத்து அனுப்புகிறார்கள். அந்தக் கீறலால் ஒன்றும் ஆகாது. ஸ்கியின் ஆயுளை முடிப்பது வேறு இடங்கள்: பைண்டிங் (காலை ஸ்கியில் பிடித்து வைக்கும் காலுறை) திருகு இறங்கும் துளை, ஃபின் (வாலின் அடியில் நிற்கும் உலோகத் துடுப்பு) நிற்கும் பள்ளம், முன்காலுக்கு அடியில் உள்ள பகுதி, வால். இவற்றில் வரும் கோளாறு படத்தில் தெரியாது. தட்டிப் பார்க்க வேண்டும், எடை போட வேண்டும், அளக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது 67 அங்குல ஸ்கி. மேலே கார்பன் ஃபைபர், உள்ளே பிவிசி ஃபோம். கைமாறி வந்தது. வரும்போதே விளிம்பில் ஒரு வெட்டு, பின்பக்க பைண்டிங் திருகில் ஆட்டம், நடுப்பகுதியில் தோல், அதாவது மேல் கார்பன் அடுக்கு, லேசாகப் பிரிந்த ஓர் இடம் என்று மூன்று குறைகள் இருந்தன. விலையைக் குறைத்து வாங்கி நானே பழுது பார்த்து, சில வருடங்களாக அதிலேயே ஓடிக்கொண்டிருக்கிறேன். வீடு கோலாலம்பூரில். மெக்ஸ் நெடுஞ்சாலையில் ஏறினால் புத்ராஜெயா ஏரி. 2017 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியின் வாட்டர் ஸ்கி பந்தயங்கள் நடந்த ஏரிதான். நன்னீர் என்பது ஸ்கிக்கு நல்லது. உப்பு நீரில் அலுமினிய ஃபின்னும் கார்பனும் ஒட்டி இருந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடலில் ஓடிய ஒரு ஸ்கியின் ஃபின்னைக் கழற்றியபோது திருகுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி அப்பியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். கடலில் இறங்குகிறவர்கள் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவியே ஆக வேண்டும்.

முதல் சோதனைக்கு ஓர் ஐம்பது சென் காசு போதும். ஸ்கியை மெத்தைமேல் வைத்து, மூக்கிலிருந்து வால்வரை அரை அங்குலத்துக்கு ஒரு முறை மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் சத்தம் கணீரென்று ஒரே மாதிரி வரும். தோல் ஃபோமைவிட்டுப் பிரிந்த இடத்தில் சத்தம் அமுங்கி ‘தொப்’பென்று கேட்கும். சத்தம் மாறுகிற இடத்தையெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்து, கடைசியில் புள்ளிகளை இணைத்தால் பாதிப்பின் எல்லை வந்துவிடும். என் ஸ்கியில் வெளியே ஒரு மயிரிழை விரிசல்தான் தெரிந்தது. தட்டிப் பார்த்தபோது உள்ளே ஒரு தீப்பெட்டி அளவுக்குப் பிரிந்திருந்தது. பைண்டிங் தட்டைக் கழற்றாமல் இந்தச் சோதனையைச் செய்வதில் அர்த்தமில்லை, ஏனென்றால் மோசமான விஷயங்கள் அதற்கு அடியில்தான் ஒளிந்திருக்கும்.

அடுத்தது எடை. பைண்டிங், ஃபின் இல்லாமல் வெறும் ஸ்கியை நிறுத்து எழுதி வையுங்கள். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசே போதும், எப்போதும் அதே தராசாக இருந்தால் சரி. ஏரியிலிருந்து வந்த அன்று ஒரு முறை, குளிர்சாதன அறையில் நாலைந்து நாள் வைத்துவிட்டு மறுபடி ஒரு முறை. இரண்டுக்கும் நடுவில் எடை தெளிவாகக் குறைந்தால் உள்ளே தண்ணீர் போகிறது என்று அர்த்தம். அப்புறம் வளைவு. இரண்டு கட்டைகளைக் குறித்த தூரத்தில் வைத்து, அவற்றின் மேல் ஸ்கியைக் குறுக்கே வைத்து, நடுவில் பத்துக் கிலோ அரிசிப் பையை ஏற்றுங்கள். எவ்வளவு இறங்குகிறது என்று காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். முன்பக்கம், முன்காலுக்கு அடி, வால் என்று மூன்று இடத்தில் செய்யலாம். தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் கருவிக்கு இது ஈடாகாதுதான். ஆனால் நமக்கு வேண்டியது நம் ஸ்கியின் போன மாத எண்ணும் இந்த மாத எண்ணும்தான். நல்ல ஸ்கியில் அந்த எண் நகராது. நகர்ந்தால் உள்ளே ஏதோ உடைந்துகொண்டிருக்கிறது.

ஃபின் விஷயத்தை யாரும் லேசாக எடுக்க வேண்டாம். அதன் நீளம், ஆழம், வாலிலிருந்து உள்ள தூரம் எல்லாம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் அமைப்பவை. ஆயிரத்தில் பத்துப் பங்கு, அதாவது கால் மில்லிமீட்டர், நகர்ந்தாலே திருப்பத்தில் வித்தியாசம் தெரியும். நான் செய்வது இதுதான்: இறங்குமுன் அளவெடுப்பேன், ஏறிய பின் மறுபடி அளவெடுப்பேன். எண் மாறியிருந்தால் திருகு தளர்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் பள்ளத்தின் சுவரில் விரிசல். திருகை இறுக்கிய பிறகும் மாறினால் பள்ளம்தான். ‘ஸ்கி இன்று சரியாகத் திரும்பவில்லை’ என்று சொல்லி நிற்கும் நிலையை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் இந்தப் பிரச்சினைதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, பழுது பார்ப்பதற்கு வருவோம்.

ஸ்கியை மட்டும் பழுது பார்க்கும் கடை என்று கோலாலம்பூரில் நான் எதையும் கண்டதில்லை. கிள்ளான் துறைமுகம் பக்கம் ஃபைபர் படகு வேலை செய்யும் ஓர் அண்ணனிடம் போய் நின்றேன். “அண்ணே, இதுல ரெசின் ஊத்தி மூடிடலாமா?” என்று கேட்டேன். அவர் விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, “மொதல்ல காய வைங்க தம்பி. ஈரத்தோட மூடினா ஒரு மாசத்துல எழும்பிடும். அப்புறம் படகுக்குப் போடற ரெசின இதுக்குப் போடாதீங்க” என்றார். இரண்டுமே உண்மை. படகுக்குப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் மலிவு. ஆனால் எபாக்ஸியில் (இரண்டு திரவம் கலந்து இறுகும் பசை) செய்த கார்பன் மேல் அது சரியாகப் பிடிக்காது, காயும்போது சுருங்கவும் செய்யும். ஐந்து நிமிட எபாக்ஸியும் வேண்டாம். நம் ஊர் வெயிலில் இளகும். மெதுவாக இறுகும் லேமினேட்டிங் எபாக்ஸியே சரி.

விளிம்பு வெட்டைச் சரிசெய்வது எளிதுதான். உடைந்த நார்களை வெட்டி, 120 எண் சேண்ட்பேப்பரால் சுற்றிலும் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, சிலிக்காப் பொடி கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியை விளிம்பைவிடச் சற்று மேடாக அப்ப வேண்டும். கார்பன் தூசிக்கு முகக்கவசம் கட்டாயம். இறுகிய பிறகு தேய்ப்பதில்தான் பொறுமை வேண்டும். விளிம்புச் சரிவின் வளைவு தண்ணீரை எப்படி விடுகிறது என்பதைப் பொறுத்தே ஸ்கி ஓடுகிறது. கூராக இருந்தால் தண்ணீர் சட்டென்று பிரிந்து ஸ்கி மேலே மிதக்கும், உருண்டையாக இருந்தால் தண்ணீர் சுற்றிக்கொண்டு ஸ்கி ஆழத்தில் உட்காரும். அதனால் எதிர்ப்பக்கத்து நல்ல விளிம்பில் தடித்த அட்டையை வைத்து வடிவத்தை வெட்டியெடுத்து, அதைத் திருப்பிப் போட்டு ஒப்பிட்டு ஒப்பிட்டுத் தேய்த்தேன். 220, 400, கடைசியில் 600 ஈரத் தேய்ப்பு.

நம் ஊர்க் காற்றில் எபாக்ஸிக்கு இரண்டு தொல்லை. ஒன்று, சூட்டில் சீக்கிரம் இறுகும்; கோப்பையில் நிறையக் கலந்தால் அது தானே சூடாகிப் புகையும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். இரண்டு, ஈரப்பதத்தால் மேலே மெழுகு போல ஒரு படலம் வரும். அதைத் தண்ணீரும் தேய்ப்பு நாரும் கொண்டு கழுவாமல் தேய்த்தால் அடுத்த பூச்சு பிடிக்காது. மழை வரப்போகும் மாலையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

ஆடிய பின்பக்க பைண்டிங் திருகுக்கு வருவோம். துளைக்குள் சுற்றிக்கொண்டிருந்த இன்சர்ட்டை (திருகு பிடிக்கும் உலோகக் குழல்) முழுக்க வெளியே எடுத்து, துளையைச் சுத்தம் செய்து, கெட்டி எபாக்ஸியில் மறுபடி உட்கார வைத்தேன். திருகில் மெழுகு தடவி, பைண்டிங் தட்டையும் சேர்த்தே மாட்டி இறுக விட்டால் துளைகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும். பிரிந்த இடத்துக்கு இரு முனையிலும் சிறு துளை போட்டு, ஒன்றில் ஊசி வழியாக எபாக்ஸி செலுத்தி, மற்றொன்றில் வெளியே வரும்வரை நிரப்பி, பலகை வைத்து இறுக்கினேன்.

இப்போது நிலவரம். விளிம்பு பிரமாதம், கைவைத்தால் ஒட்டு தெரியாது. இன்சர்ட் அசையவே இல்லை. தோல் பிரிந்த இடம் ஒரு வருடத்துக்கு மேல் தாங்கியது, பிறகு ஓரத்தில் ‘தொப்’ சத்தம் மறுபடி வந்தது. இன்னொரு முறை ஊசி போட்டிருக்கிறேன். ஆனால் இது குணமாகும் வகையல்ல, தள்ளிப்போடும் வகை. வெயிலும் இதற்கு ஒரு காரணம். மூடிய காரில் கருப்பு ஸ்கி கிடந்தால் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து தோலைத் தூக்கும். நான் வெள்ளைத் துணியில் சுற்றித்தான் எடுத்துப் போகிறேன்.

முன்காலுக்கு அடியில் விரிசல் வந்த ஸ்கியை மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம், ஒட்டியும் ஓட்ட வேண்டாம். 259 மீட்டர் தடத்தை 58 கிலோமீட்டர் வேகத்தில் 16 வினாடியில் கடக்கும் விளையாட்டு இது. படகின் அலையைத் தாண்டும் நொடியில் கயிற்றின் இழுப்பு முழுவதும் அந்த ஓர் இடத்தில்தான் இறங்குகிறது. அங்கே முறிந்தால் காலும் சேர்ந்து போகும்.

என் ஸ்கியின் வால் அளவு இதுவரை மாறவில்லை. மாறுகிற அன்றைக்கு நிறுத்திவிடுவேன். ஃபின்னும் பைண்டிங்கும் நல்ல நிலையில் இருப்பதால், அடுத்து வெறும் பலகை மட்டும் வாங்கினால் போதும்.