கடுங்காரச் சாஸ் சிந்தாமல் விட: நான்கு வழிகள், ஒன்றரை வருஷப் புழக்கம்

முண்டு மிளகாய்ச் சாஸ் கொஞ்சம் கூடிப்போனால் தயிரை ஊற்றிச் சமாளித்துவிடலாம். பூத் ஜோலோக்கியா அப்படியில்லை. 2007இல் கின்னஸில் ஏறியபோதே, காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் பத்து லட்சத்தைத் தாண்டியிருந்த மிளகாய் அது. ஒரு டீஸ்பூன் 5 மில்லி. தண்ணியான சாஸில் ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லி. கை தவறி ஒரு ஸ்பூன் கொட்டினால் நூறு சொட்டு விட்ட கணக்கு. பாட்டில் வாய் எத்தனை பெரிசு என்பதுதான் முதல் கேள்வி.

பரோட்டாக் கடை மேஜையில் நிற்கும் சிவப்பு மூக்கு பாட்டில் கெட்டிச் சாஸுக்கு நல்லது. முண்டுக்குத் தோல் தடிமன், திப்பி அதிகம். அதற்கு இதுவே போதும். மூக்கு நுனியை 2 மி.மீ.க்கு மேல் நறுக்க வேண்டாம். சாய்வாக நறுக்கினால் ஒரு பக்கமாக வழியும். சாஸ் விட்டதும் கவிழ்த்த நிலையிலேயே பிடியைத் தளர்த்துங்கள். காற்று உள்ளே போகும்போது மூக்கில் நிற்கும் சாஸையும் இழுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நிமிர்த்தினால் ஒழுகாது.

இதன் தொல்லை, பாட்டில் முக்கால்வாசி தீர்ந்த பிறகுதான். உள்ளே காற்று கூடிவிடும். ஃபிரிட்ஜில் 8 டிகிரியில் இருந்ததை மதுரைக் கோடையில் 38 டிகிரிக்கு எடுத்து வைத்தால் அந்தக் காற்று பத்து சதவீதம் விரியப் பார்க்கும். 150 மில்லி காற்றென்றால் 15 மில்லி. மூக்கில் சாஸ் அடைத்திருந்தால் மூடியைத் திறந்ததும் அது முகத்தைப் பார்த்துத் தெறிக்கும். நிமிர்த்தி வைத்து, துணியால் மூடிப் பிடித்துத் திறங்கள். 'புஸ்' அடங்கட்டும், பிறகு கவிழ்க்கலாம். உப்பில் புளிக்கவைத்து, கொதிக்கவைக்காமல் அடைத்த சாஸில் வாயுவும் சேருமாகையால் இன்னும் மோசம்.

ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடி டிராப்பர் பார்க்க அழகு, அவ்வளவுதான். எண்ணெய் கலந்த சாஸில் குமிழ் சில வாரத்தில் ஊறிப் பிசுபிசுக்கும். குழாயை வெளியே எடுக்கும்போது அதன் வெளிப்புறத்தில் ஒட்டியதெல்லாம் மேஜையில் சொட்டும். ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் சமையலில் அளந்து சேர்க்கத் தோது. ஆனால் கோடுகள் அழியும், பிஸ்டன் இறுகும். இறுகியதை அழுத்தினால் மொத்தமும் ஒரே பாய்ச்சலில் வந்துவிடும்.

நான்கில் நிலைத்தது ஹோமியோபதி மருந்து வரும் 30 மில்லி கண்ணாடி பாட்டில்தான். அதன் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் அடைப்பு இருக்கும். உற்றுப் பார்த்தால் அதில் இரண்டு வழி தெரியும்: ஒன்றில் சொட்டு இறங்கும், இன்னொன்றில் காற்று ஏறும். காற்று வழி மேலே வரும்படி சாய்த்தால் எண்ணி எண்ணி விடலாம். அந்த வழியைத் திப்பி அடைத்துவிட்டால் எவ்வளவு குலுக்கினாலும் வராது. அப்போது பலமாக உதறுவதுதான் பலரும் செய்யும் தப்பு. அடைப்பைக் கழற்றிக் குண்டூசியால் குத்துங்கள்.

ஆகவே வடிகட்டல் முக்கியம். கொதிக்கவைத்து ஆறிய சாஸை முதலில் டீ வடிகட்டியில், அடுத்து பழைய வேட்டித் துணியில் வடிக்க வேண்டும். வடித்த 100 மில்லிக்கு ஒன்றிரண்டு ஸ்பூன் வினிகர். அடியில் மண்டி, மேலே தண்ணி என்று பிரிந்தால் 100 மில்லிக்கு 0.2 கிராம் சாந்தன் கம் (சாஸைக் கெட்டிப்படுத்தும் தூள்). மிக்ஸி ஓடும்போதே தூவுங்கள், நிறுத்திப் போட்டால் கட்டி தட்டும். கூடுதலாகப் போட்டால் சொட்டாது, நூல் இழுக்கும். தகர மூடி வேண்டாம். வினிகர் பட்டு உள்பக்கம் துருப்பிடிக்கும்.

நிரப்பும்போது பாட்டிலைக் கிண்ணத்துக்குள் நிறுத்தி, எவர்சில்வர் புனல் வைத்து, கழுத்துக்கு ஒரு விரல் கீழே நிறுத்துங்கள். கழுத்தை உடனே துடைக்க வேண்டும். காய்ந்து ஒட்டிய பொருக்கு, மூடி திருகும்போது தூளாகி மூக்கில் ஏறும். பார்சல் கட்டுகிற மெல்லிய பாலிதீன் உறை கிழியும், நைட்ரைல் கையுறை நல்லது. காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். கையில் பட்டால் முதலில் நல்லெண்ணெய் தேய்த்துத் துடைத்து, அப்புறம் சோப்பு. பாட்டிலுக்கும் அதே வரிசைதான். கொதிநீர் ஊற்றிக் கழுவினால் ஆவியோடு நெடி கிளம்பும். கண்ணில் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள், வேறெதையும் விட வேண்டாம்.

இன்னொன்று: கறி தோசை கல்லில் இருக்கும்போது சொட்டு விட வேண்டாம். தட்டில் இறக்கிய பிறகு விடுங்கள். சூடான கல்லில் ஒரு சொட்டு சிதறினாலும் அடுப்படியில் நிற்கிற எல்லாரும் இருமிக்கொண்டே வாசலுக்கு ஓட வேண்டியதுதான்.