உணவக ஊழியர்களுக்கான இலவச வரித் தாக்கல் உதவி: நூலகத்தில் நடக்கும் வீட்டா மையம் பற்றி

நியூ ஜெர்சியின் எடிசன் பகுதியில் உள்ள ஒரு பொது நூலகத்தில், அமெரிக்கக் கூட்டரசு வரித் துறையான ஐ.ஆர்.எஸ். ஆதரவில் தன்னார்வலர்கள் நடத்தும் ‘வீட்டா’ (VITA) என்ற இலவச வரித் தாக்கல் உதவி மையம் இயங்குகிறது. 2025-ஆம் ஆண்டுக்கான கணக்கைத் தாக்கல் செய்வதற்காக, உணவகம் ஒன்றில் சர்வராக வேலை பார்க்கும் என் தம்பியையும், அதே உணவகத்தில் தோசை மாஸ்டராக இருக்கும் அவனுடைய அறைத் தோழரையும் இந்த ஆண்டு அங்கே அழைத்துச் சென்றேன். டிப்ஸுக்கும் ஓவர்டைமுக்கும் இனி வரியே கிடையாது என்ற பேச்சு சென்ற ஆண்டு ஜூலையிலிருந்து உணவகச் சமையலறைகளில் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும் நிலையில், அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்பதைத் தொழிலாளியின் சம்பளச் சீட்டை வைத்தே காட்டக்கூடிய சேவை எது என்பதுதான் என்னுடைய கேள்வியாக இருந்தது. அந்த அளவுகோலில் இந்த மையத்துக்கு நான் உயர்ந்த மதிப்பெண் தருகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான கூட்டரசுச் சட்டம், 2025 முதல் 2028 வரையிலான நான்கு வரி ஆண்டுகளுக்கு இரண்டு தற்காலிகக் கழிவுகளைத் தந்திருக்கிறது. தகுதியுள்ள டிப்ஸில் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம். ஓவர்டைமில் தனிநபர் 12,500 டாலர் வரையிலும், கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதியர் 25,000 டாலர் வரையிலும் கழித்துக்கொள்ளலாம். வருமானம் 1,50,000 டாலரை, தம்பதியருக்கு 3,00,000 டாலரை, தாண்டினால் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் நூறு டாலர் வீதம் கழிவு குறைந்துகொண்டே போகும். உணவக ஊழியர்களில் அந்த வரம்பைத் தொடுபவர்கள் அரிது. வேலை செய்யத் தகுதியளிக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்க வேண்டும். மணமானவர்கள் கூட்டாகத்தான் தாக்கல் செய்ய வேண்டும். ஆண்டு வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் 1040 படிவத்துடன் புதிதாகச் சேர்ந்திருக்கும் அட்டவணை 1-ஏ-வில் இவற்றை எழுத வேண்டும். செலவுக் கணக்கு காட்டாமலே கிடைக்கும் வழக்கமான நிலைக் கழிவை எடுப்பவர்களும் அதற்கு மேலாக இவற்றைப் பெறலாம் என்பது பலருக்கும் தெரியாத நல்ல செய்தி.

சிக்கல் சட்டத்தில் இருப்பதைவிடத் தாளில்தான் அதிகம் இருக்கிறது. முதலாளி தரும் ஆண்டுச் சம்பளச் சான்றான டபிள்யூ-2 படிவம் 2025-ஆம் ஆண்டுக்குப் பழைய வடிவத்திலேயே வந்தது. தகுதியுள்ள ஓவர்டைம் எவ்வளவு என்பதைத் தனியாகக் காட்ட வேண்டிய கட்டாயம் அந்த ஓர் ஆண்டுக்கு முதலாளிகளுக்கு இல்லை. ஆகவே டபிள்யூ-2-வை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு தட்டச்சு செய்யும் எந்தச் சேவையும் ஒரு சமையல்காரருக்கு உரிய கழிவைச் சரியாகக் கண்டுபிடிக்க முடியாது. இந்த மையத்தில் எங்களுக்குக் கணக்குப் பார்த்த அம்மையார் ஓய்வு பெற்ற ஆசிரியை. மாஸ்டரின் டபிள்யூ-2-வை ஓரமாக வைத்துவிட்டு, டிசம்பர் மாதத்தின் கடைசிச் சம்பளச் சீட்டைத்தான் முதலில் கேட்டார். அதில் ஓவர்டைம் என்ற வரியில், ஆண்டு மொத்தம் என்ற கட்டத்தில் இருந்த 6,750 டாலரைப் பென்சிலால் வட்டமிட்டார். பிறகு மணிக்கு எவ்வளவு என்று கேட்டார். வழக்கமான கூலி 18 டாலர், நாற்பது மணி நேரத்துக்கு மேல் 27 டாலர் என்று மாஸ்டர் சொன்னார். உடனே 6,750-ஐ மூன்றால் வகுத்து, 2,250 என்று எழுதி அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

ஏன் மூன்றில் ஒரு பங்கு என்பதை அவர் விளக்கிய விதம்தான் இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு. கழிவு கிடைப்பது ஓவர்டைம் சம்பளம் முழுவதற்கும் அல்ல. வழக்கமான கூலிக்கு மேலே கிடைக்கும் அந்தப் பாதிக்கு மட்டுமே. 27 டாலரில் 18 டாலர் எப்போதும் போல வரிக்குட்பட்ட கூலி. மீதி 9 டாலர்தான் கழிவுக்குரியது. இரட்டிப்புக் கூலி தரும் இடமாக இருந்தாலும் கழிவுக்குரியது வழக்கமான கூலியில் பாதி மட்டுமே என்பதால், மொத்தத்தை நான்கால் வகுக்க வேண்டும். அதுவும் கூட்டரசின் உழைப்புத் தரச் சட்டப்படி வாரத்தில் நாற்பது மணி நேரத்தைத் தாண்டிய வேலைக்குரியதாக இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் ஒரு நாளில் எட்டு மணி நேரத்தைத் தாண்டியதற்காக மட்டும் மாநிலச் சட்டப்படி கிடைக்கும் கூடுதல் கூலி, வாரக் கணக்கில் நாற்பதைத் தாண்டாவிட்டால் இதில் சேராது. மாஸ்டர் 12 சதவீத வரி அடுக்கில் இருப்பதால், 2,250 டாலர் கழிவினால் அவருக்கு மிச்சமானது 270 டாலர். ஓராண்டில் 250 மணி நேரம் கூடுதலாகக் கல்லின் முன்னால் நின்றவருக்கு அது சிறிய தொகைதான். ஆனால் அது உறுதியான தொகை.

உறுதி என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இதற்கு முன்பு மாஸ்டர் கட்டணம் வாங்கும் ஒரு வரி அலுவலகத்துக்குப் போயிருந்தார். அங்கே 6,750 டாலர் முழுவதையும் கழிவாகக் காட்டி, 810 டாலர் மிச்சம் என்று ஒரு மாதிரிக் கணக்கைக் கையில் கொடுத்திருந்தார்கள். சம்பளச் சீட்டையே அவர்கள் கேட்கவில்லை. பெரிய ரீஃபண்ட் காட்டுபவரே திறமைசாலி என்று நம் மக்களில் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் பின்னாளில் ஐ.ஆர்.எஸ். கேட்டால், கூடுதலாக வாங்கிய 540 டாலரை வட்டியோடு கட்ட வேண்டியவர் கையெழுத்திட்ட தொழிலாளியே தவிர, கணக்கு எழுதியவர் அல்ல. பணம் வாங்கிக்கொண்டு ரிட்டர்ன் தயாரிப்பவர் தன் பதிவு எண்ணைக் குறிப்பிட்டுத் தானும் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அதைச் செய்ய மறுப்பவரிடம் ஒரு தாளைக்கூடக் கொடுக்காதீர்கள்.

தம்பியின் கணக்கு வேறு விதமானது. டிப்ஸைப் பொறுத்தவரை டபிள்யூ-2-வின் 7-ஆம் பெட்டியில் உள்ள தொகையிலிருந்து தொடங்கலாம். அவனுக்கு அதில் 20,000 டாலர் இருந்தது. அட்டையில் வருவதும், ரொக்கமாக வருவதும், சக ஊழியர்களோடு பங்கிட்டுக்கொள்வதும் எல்லாமே இதில் அடங்கும். ஆனால் பெரிய கூட்டமாக வருபவர்களின் பில்லில் உணவகமே 18 சதவீதத்தைச் சேர்த்துவிடுகிறதே, அதில் அவனுக்குக் கிடைத்த பங்கு சம்பளச் சீட்டில் சேவைக் கட்டணம் என்று தனி வரியாக இருந்தது. அதையும் டிப்ஸ் என்றே அவன் எண்ணியிருந்தான். வாடிக்கையாளர் மனமுவந்து, தொகையைத் தானே முடிவு செய்து கொடுப்பதுதான் டிப்ஸ். கட்டாயமாகச் சேர்க்கப்படுவது கூலி என்று அம்மையார் அதை ஒதுக்கிவிட்டார். திரையில் 15, 18, 20 சதவீதம் என்று காட்டினாலும், எதுவுமே கொடுக்காமல் இருக்கும் உரிமை வாடிக்கையாளருக்கு இருந்தால் அது டிப்ஸ்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னார். முதலாளியிடம் தெரிவிக்காத ரொக்க டிப்ஸ் ஏதாவது உண்டா என்றும் கேட்டார்; இருந்தால் 4137 படிவத்தில் காட்டி, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகளைக் கட்டிய பிறகே அதற்கும் கழிவு கோரலாம். மாதம் 20 டாலரோ அதற்கு மேலோ டிப்ஸ் கிடைத்தால் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் முதலாளியிடம் தெரிவிக்க வேண்டும் என்ற பழைய விதி அப்படியே இருக்கிறது.

தம்பியின் மொத்த வருமானம் 32,300 டாலர். நிலைக் கழிவான 15,750 போக மீதி 16,550. டிப்ஸ் கழிவு 20,000 என்பதால் கூட்டரசு வருமான வரி பூஜ்யமாகிவிட்டது. புதிய கழிவு இல்லாவிட்டால் ஏறத்தாழ 1,750 டாலர் கட்ட வேண்டியிருக்கும். 2025-இல் வரிப் பிடித்தத்துக்கான அட்டவணைகள் மாற்றப்படாததால், பிடித்த பணம் முழுவதும் ரீஃபண்டாகத் திரும்பியது. ஆனால் 3,450 டாலர் கழிவு பயன்படாமலே போயிற்று. அதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது, ரொக்கமாகவும் கிடைக்காது. இதைவிடக் குறைவாகச் சம்பாதிக்கும் பகுதி நேர சர்வர்களுக்கு, நிலைக் கழிவே வரியை இல்லாமல் செய்துவிடுவதால், இந்தச் சட்டத்தால் கிடைப்பது ஒன்றுமில்லை. மிகக் குறைவாகச் சம்பாதிப்பவரிடம் போய்ச் சேராத சலுகையைத் தொழிலாளருக்கான பெரும் கொடை என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வரியே இல்லை என்ற முழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் மற்ற வரிகளையும் அந்த மேசையில் மறைக்காமல் சொன்னார்கள். டிப்ஸ் உட்பட 32,300 டாலர் முழுவதுக்கும் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி 7.65 சதவீதம் கட்டியாக வேண்டும். தம்பிக்கு அது 2,471 டாலர். நியூ ஜெர்சி மாநில வருமான வரியும் தன் வழியிலேயே கணக்கிடப்படுவதால், அங்கே இந்தக் கழிவுகள் செல்லுபடியாகவில்லை. சோஷியல் செக்யூரிட்டிக்குக் கட்டியது முதுமையில் ஓய்வூதியமாகத் திரும்பி வரும் என்பதை எடுத்துச் சொல்லி, ரொக்க டிப்ஸை மறைக்காமல் தெரிவிப்பதில் தொழிலாளிக்கும் நன்மை உண்டு என்று அம்மையார் தம்பிக்கு விளக்கியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

குறைகளும் உண்டு. முன்பதிவு இல்லாமல் போனால் இடம் கிடைப்பது கடினம். மாலையிலும் வார இறுதியிலும்தான் உணவகங்களில் வேலை நெருக்கும் என்பதால் பகல் நேரச் சேவை ஊழியர்களுக்கு வசதியானதே. ஆனாலும் இரண்டு வேளையும் வேலை செய்பவர்கள் விடுப்பு எடுத்துத்தான் வர வேண்டும். ஒவ்வொரு ரிட்டர்னையும் இரண்டாவது நபர் ஒருவர் முழுமையாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்துக்குக் கொடுப்பதால் காத்திருப்பு நீளும். அந்தச் சரிபார்ப்புக்காகக் காத்திருப்பது தகும் என்பது என் கருத்து. வருமான வரம்பு உண்டு; சிக்கலான தொழில் கணக்குகளை இங்கே எடுக்கமாட்டார்கள். தமிழ் பேசுபவர் அன்று யாரும் இல்லை. ஆங்கிலத்தில் தடுமாறுபவர்கள் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது, ஏனென்றால் முதலில் நிரப்பும் நேர்காணல் படிவத்தில் தரும் பதில்களை வைத்தே எல்லாம் நடக்கிறது.

போகும்போது புகைப்பட அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி அட்டை, டபிள்யூ-2, டிசம்பர் கடைசிச் சம்பளச் சீட்டு, டிப்ஸ் குறித்து வைத்த நோட்டு, வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். 2026-ஆம் ஆண்டுக்கான டபிள்யூ-2-வில் டிப்ஸும் ஓவர்டைமும் 12-ஆம் பெட்டியில் டி.பி. (TP), டி.டி. (TT) என்ற குறியீடுகளுடன் தனித்தனியாக வர வேண்டும் என்பதால், வரும் ஆண்டில் மூன்றால் வகுக்கும் வேலை குறையும். அதற்காகச் சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். முதலாளி எழுதும் தொகை சரியா என்று ஒப்பிட அவைதான் ஆதாரம். சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று முதலாளிக்குத் தெரிவிக்கும் புதிய டபிள்யூ-4 படிவத்தின் கழிவுப் பகுதியில் இந்த ஆண்டுக்கான டிப்ஸ், ஓவர்டைம் மதிப்பீட்டைக் குறித்துக் கொடுத்தால், ரீஃபண்டுக்காக அடுத்த வசந்தம்வரை காத்திராமல் ஒவ்வொரு சம்பளத்திலேயே பிடித்தம் குறையும். அந்தப் படிவத்தையும் கேட்டு வாங்கி, மேசையை விட்டு எழுவதற்கு முன்பே தம்பியும் மாஸ்டரும் நிரப்பிக்கொண்டார்கள்.