ஷேடு நெட் வாங்கும் முன் ரோலை எடை போட்டுப் பாருங்கள்

அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் முள்ளு கத்திரி நாற்று விடுகிறவர்கள் கவனத்துக்கு.

வேலூரில் ஒரு கடையில் 50 சதவீத நிழல் தரும் பச்சை வலை இரண்டு ரோல் வாங்கினேன். 3 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளம், சதுர மீட்டருக்கு 100 கிராம், வெயில் தாங்க யுவி மருந்து போட்ட சரக்கு, மூன்று வருஷம் அசையாது என்றார் கடைக்காரர். பில்லில் இதையெல்லாம் எழுதச் சொன்னதற்கு, "அதெல்லாம் கம்பெனி பில்லில் வராதுண்ணா" என்றார்.

தை மாதம் ஒரு ரோலைக் கட்டினோம். கத்திரி வெயில் முடியவில்லை, கம்பி உரசிய இடமெல்லாம் நீளமாகக் கிழிந்துவிட்டது. விரலால் கசக்கினால் பொலபொலவென்று உதிர்கிறது. குழித்தட்டு முழுக்கப் பச்சைத் தூள். கிழிசலுக்குக் கீழே இருந்த நாற்று ஒரே மத்தியானத்தில் சுருண்டு போச்சு. வேலூர் முள்ளு கத்திரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு நல்ல நாற்றைத் தேடி வருகிறார்கள். அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

இந்த வலை எச்டிபிஇ பிளாஸ்டிக். அது தானாக வெயிலைத் தாங்காது. புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு நொறுங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் யுவி மருந்து கலக்கிறார்கள். அதைக் குறைத்தாலோ, பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்த்தாலோ, புதுசில் கண்ணுக்குத் தெரியாது. அதை எடையும் காட்டாது. ஆனால் பிளாஸ்டிக்கையே குறைத்து இழையை மெலிசாக்கியிருந்தால் எடை காட்டிக்கொடுக்கும். பிரிக்காத இன்னொரு ரோலை மூட்டை போடும் தராசில் ஏற்றினேன். 150 சதுர மீட்டருக்கு 15 கிலோ இருக்க வேண்டும். இருந்தது 9 கிலோ!

கேட்கப் போனால், "நம்ம ஊர் வெயிலுக்கு எந்த வலையும் இப்படித்தாண்ணா" என்கிறார். வெயில் கூடினால் ரோலின் எடை எப்படி ஐயா குறையும்? பணமும் தரவில்லை, மாற்றியும் தரவில்லை.

நிழல்வலைக்கு ஐஎஸ் 16008 என்று இந்தியத் தரநிலையே இருக்கிறது. அந்த எண், கிராம் கணக்கு, அகலம், வாரண்டி நாலும் பில்லில் எழுதித் தராத கடையில் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் பில்லையும் ஒரு துண்டு வலையையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். நானும் கொடுத்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.