வேட்டையாடாதவருக்கு எந்த வேடர்?

“வேடர் வாங்கப் போகிறேன்” என்று வீட்டில் சொன்னதும் மாமியார் என்னைக் கண்ணப்ப நாயனாரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவர்மேல் தப்பில்லை. நெஞ்சு வரை ஏறும், பூட்ஸோடு சேர்ந்த, தண்ணீர் புகாத கால்சட்டைக்கு ஆங்கிலக்காரர்கள் வைத்த பெயர் அது. வாத்து வேட்டைக்காரர்களும் தூண்டில்காரர்களும் போடுவது. இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வாத்தைச் சுட முடியாது, எண்ணலாம். ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்காகப் பழவேற்காடு, கேளம்பாக்கம் உப்பங்கழி, பள்ளிக்கரணை என்று (வனத்துறை அனுமதியோடுதான்) சேற்றில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஹூஸ்டனில் இருக்கும் என் மச்சான் அசல் வேட்டைக்காரர். லைசென்ஸ், வாத்து ஸ்டாம்ப் (வாத்து வேட்டைக்கு அங்கே அரசிடம் வாங்க வேண்டிய முத்திரை) எல்லாம் முறைப்படி வைத்திருப்பவர். “மாப்ள, கண்ணை மூடிட்டு அஞ்சு மில்லிமீட்டர் நியோப்ரீன் வாங்கு” என்றார். ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் அவர் ஊருக்கும் வரும், நம் ஊருக்கும் வரும். தண்ணீர்தான் வேறு. நியோப்ரீன் என்பது நுண்ணிய காற்றுக் குமிழ்கள் அடைந்த ரப்பர். உடல் சூட்டை வெளியே விடாது. விடியற்காலை உறையும் குளத்தில் நிற்பவருக்கு அது வரம். பழவேற்காட்டில் அதைப் போட்டால் அரை மணி நேரத்தில் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். வளைந்து கொடுக்கும், தடிமனும் உண்டு, உண்மைதான். ஆனால் நனைந்தால் காய நாளாகும், நம் ஈரக் காற்றில் பூசணம் பிடிக்கும். சென்னைக்கு இது வேண்டவே வேண்டாம்.

மிச்சமிருக்கும் நிஜமான போட்டி இரண்டுக்குள்தான்: பி.வி.சி. பூசிய நைலான், அப்புறம் ‘பிரீத்தபிள்’ என்று விற்கப்படும், வியர்வை ஆவியை வெளியே விடும் துணி.

பி.வி.சி. ரகம் இறால் பண்ணைகளில் போடுவதுதான். விலை குறைவு. தையலுக்குப் பதிலாகச் சூட்டில் ஒட்டியிருப்பார்கள். நான் முதலில் வாங்கியது இது. இரண்டாவது சீசனில் பழவேற்காட்டில் நடுத்தண்ணீரில் நிற்கும்போது தொடை இடுக்கு ஒட்டல் பிளந்து, இடது கால் முழுக்க உப்புத் தண்ணீர். பூநாரைகளை நூற்றுப் பதினேழு வரை எண்ணியிருந்தேன், அதோடு கணக்கு போனது. விற்ற கடையில் “சார், நீங்க ரொம்ப நடந்திருக்கீங்க” என்றார்கள். வேடரை வேறு எதற்கு வாங்குவார்களோ! என் பங்குக்கும் தப்பு உண்டு. வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் மடித்தே வைத்திருந்தேன். சூட்டில் பி.வி.சி.யை நெகிழ வைக்கும் பொருள் மெல்ல வெளியேறிவிடும். பிறகு மடிப்பு விழுந்த இடமெல்லாம் விறைத்து வெடிக்கும்.

ஆவி விடும் துணி எடை குறைவு, நடக்கச் சுகம். ஆனால் உள்ளே புழுக்கமும் வெளியே உலர்வும் இருந்தால்தான் ஆவி ஒழுங்காக வெளியேறும். சென்னையில் உலர்வுக்கு எங்கே போவது? பி.வி.சி.யைவிட நிச்சயம் தேவலை, விளம்பரத்தில் சொல்லும் அளவுக்கு இல்லை. விலையைக் கேட்டால் தலை சுற்றும். அமெரிக்க வேட்டைக் கம்பெனிகளின் உயர்ந்த ரகங்கள் ஆயிரம் டாலரைத் தொடும். வாங்குவதானால் டெனியர் எண்ணைப் பாருங்கள். 9,000 மீட்டர் நூலின் எடையைக் கிராமில் சொல்வது அது. எண் கூடக் கூட நூல் தடிமன். முழங்காலிலும் கெண்டைக்காலிலும் இரட்டைத் துணி இல்லாததைத் தொடாதீர்கள். முன்பக்கம் ஜிப் வைத்ததும் வேண்டாம். உப்புச் சேறு அதன் பல்லில் ஏறிவிடும்.

நீடித்து உழைப்பது என்றால் நம் ஊரில் குளிரையா தாங்க வேண்டும்? சீமைக் கருவேல முள், சிப்பி ஓடு, உடைந்த பாட்டில். கருவேல முள்ளுக்கு முன் மேலே சொன்ன எந்தத் துணியும் நிற்காது, டயரே நிற்பதில்லை. ஆகவே எது கிழியாது என்று கேட்பதைவிட, எது கிழிந்தால் நாமே ஒட்டலாம் என்று கேட்பது புத்திசாலித்தனம். இங்கே ஆவி விடும் துணி ஜெயிக்கிறது. உள்பக்கம் ஸ்பிரிட் தெளித்தால் ஓட்டை உள்ள இடம் கறுத்துக் காட்டும். ஒரு துளி யூரிதேன் பசை வைத்து ராத்திரி காயவிட்டால் போதும். பி.வி.சி.யில் ஓட்டையை ஒட்டலாம், ஆனால் அதற்கென்றே உள்ள வினைல் பசை வேண்டும். பஞ்சர் கடை சொல்யூஷன் ரப்பருக்கானது, பி.வி.சி.யில் சரியாகப் பிடிக்காது. கான்வாஸில் ரப்பர் பூசிய பழைய பாணி ஒன்று உண்டு. கனம் ஆளைக் கொல்லும், ஆனால் அதற்குப் பஞ்சர் கடையே போதும்.

பூட்ஸ் ஒட்டியே வருவதா, தனியாகக் கயிறு கட்டிப் போடுவதா? பாறை ஆற்றுக்காரர்கள் தனி பூட்ஸை விரும்புவார்கள். நம் களிச்சேற்றில் ஒட்டியே வருவது நல்லது. ஆனால் அளவு கச்சிதமாக இருக்க வேண்டும். தொளதொள பூட்ஸைச் சேறு பிடித்துக்கொள்ளும், பாதம் உள்ளே கழன்றுகொள்ளும், ஆள் முகம் குப்புற விழுவார்.

இடுப்பு பெல்ட்டை எந்த ரகத்திலும் விடாதீர்கள். வேடருக்குள் தண்ணீர் புகுந்தால் ஆளை அடியில் இழுக்கும் என்பது கட்டுக்கதை. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை கிடையாது. ஆபத்து கரையேறும்போதுதான். நிரம்பிய இரண்டு கால்களைச் சேற்றிலிருந்து பிடுங்க முடியாது. பெல்ட் இறுக்கமாக இருந்தால் புகும் தண்ணீர் குறையும்.

எண்ணூர்க் கழிமுகத்தில் இருளர்கள் பறியை (பிடித்ததைப் போட்டுவைக்கும் ஓலைக் கூடை) பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் வெறுங்கையால் இறால் தடவுவதைப் பார்த்த பிறகு, டெனியர் பற்றிப் பேசக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் கால் அவர்கள் கால் இல்லை.

என் முடிவு: வருஷத்துக்கு நாலைந்து முறை மட்டும் இறங்குகிறவர், முழங்கால் ஆழத்தோடு நிற்பவர், தொடை வரை வரும் பி.வி.சி. வாங்கினால் போதும். மாதாமாதம் போகிறவர் நடுத்தர விலையில் ஆவி விடும் ரகத்துக்குக் காசு சேர்க்கலாம். நான் இப்போது அதில்தான் இருக்கிறேன். எதுவானாலும் நல்ல தண்ணீரில் அலசி, மொட்டை மாடி வெயிலில் போடாமல் நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். கடையில் போட்டுப் பார்க்கும்போது வெட்கப்படாமல் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து எழுந்திருங்கள். தொடை இடுக்கில் இழுத்தால் ஒரு அளவு பெரிசு கேளுங்கள்.